ஓடும் வண்டியில் கருகல் வாடை: காரணமும் பரிகாரமும்

கிணற்று மோட்டாரில் காயில் கருகும் வாடையை அறியாத விவசாயி இல்லை. மின்னழுத்தம் குறைந்து மோட்டார் திணறும்போது அந்த வாடை வந்தால், பாதி வயல் பாயாமல் கிடந்தாலும் ஓடிப்போய் ஸ்டார்ட்டரை நிறுத்திவிடுகிறோம். சற்றுத் தாமதித்தால் மோட்டாரைக் கழற்றிப் பட்டறைக்கு ஏற்ற வேண்டியிருக்கும் என்பது நாம் அனுபவத்தில் கற்ற பாடம். ஆனால் அதே விவசாயி, காரிலோ சரக்கு வண்டியிலோ போகும்போது கருகல் வாடை வந்தால், "வீடு போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓட்டிக்கொண்டே போகிறார். மோட்டாருக்குக் கொடுக்கும் மரியாதையை வண்டிக்குக் கொடுப்பதில்லை. மோட்டார் கருகினால் பண நஷ்டத்தோடு போகும். வண்டிக்குள்ளோ நாமும் நம் குழந்தைகளும் அமர்ந்திருக்கிறோம்.

வானூர், மரக்காணம் வட்டாரங்களில் இன்று சிறு விவசாயிகள் பலரும் வண்டி வைத்திருக்கிறார்கள். குடும்பத்துக்கு ஒரு பழைய கார், மணிலா மூட்டையும் தர்பூசணியும் ஏற்ற ஒரு 'குட்டியானை', கூட்டாக வாங்கிய டிராக்டர் என ஏதேனும் ஒன்று ஊருக்கு ஊர் நிற்கிறது. பெரும்பாலானவை கை மாறி வந்த வண்டிகள். இவற்றோடு உப்பளக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே இவ்வட்டார விவசாயிகள் கருகல் வாடையைப் பிரித்தறியக் கற்றுக்கொள்வது அவசியம்.

எனக்கு நேர்ந்த ஓர் அனுபவத்தைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வயல் விழா ஒன்றுக்காக மாலை நேரத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் பக்கம் என் காரில் வந்துகொண்டிருந்தேன். கருகல் வாடை வந்தது. சாலையோரத்தில் யாரோ சருகு கொளுத்துகிறார்கள் என்று எண்ணிக் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். வாடை போகவில்லை, மேலும் அதிகமாயிற்று. இரண்டு மைல் கடந்த பிறகே நிறுத்தினேன். பின்சக்கரம் ஒன்றிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. ஹேண்ட் பிரேக்கை நான் விடுவித்திருந்தும், துருப்பிடித்த கேபிள் உள்ளே சிக்கிக்கொண்டு பிரேக்கை விடாமல் பிடித்திருந்தது. முதல் வாடையிலேயே நிறுத்தியிருந்தால் கேபிளோடு போயிருக்கும். நான் தாமதித்ததால் பிரேக் கட்டை, டிரம், சக்கர பேரிங் எல்லாமே மாற்ற வேண்டியதாயிற்று.

வாடை வெளியிலிருந்தா, வண்டியிலிருந்தா?

நம் பக்கத்தில் சருகு எரிப்பதும் கரும்புத் தோகை எரிப்பதும் அன்றாட நிகழ்ச்சி. ஆகவே முதலில் எழும் ஐயம் இதுவே. அரை கிலோமீட்டர் கடந்ததும் வாடை குறைந்துவிட்டால் அது வெளி வாடை. இடம் மாறியும் வாடை கூடவே வந்தால் அது நம் வண்டியின் வாடைதான். வண்டி நின்றவுடன் வாடை அதிகமானால் ஐயமே வேண்டாம். ஓடும்போது பின்னால் அடித்துச் செல்லப்பட்ட புகை, நின்றதும் மேலெழுகிறது என்று பொருள். ஆனால் கண்ணுக்குப் புகை தெரிந்தாலோ, வாடை காரமாகத் தொண்டையைப் பிடித்தாலோ, அரை கிலோமீட்டர் என்று கணக்குப் பார்க்காமல் அப்போதே நிறுத்த வேண்டும்.

உடனே செய்ய வேண்டியவை

1. வண்டியை இடப்பக்கமாக ஒதுக்கி நிறுத்தவும். வைக்கோல், காய்ந்த புல், முந்திரிச் சருகு, சவுக்குச் சருகு கிடக்கும் இடத்தில் நிறுத்தக் கூடாது. பெட்ரோல் பங்க் அருகிலும் கூடாது.

2. என்ஜினை நிறுத்திச் சாவியை எடுக்கவும். எல்லோரையும் இறக்கிவிடவும். பின் இருக்கையில் உள்ள குழந்தைகளை முதலில் இறக்கவும். மின்கம்பி கருகினால் கதவுப் பூட்டும் கண்ணாடி ஏற்றும் மோட்டாரும் வேலை செய்யாமல் போகலாம்.

3. காற்று வரும் திசையில், சாலையை விட்டு விலகி நிற்கவும்.

4. பானட்டின் இடுக்கில் அடர்த்தியான புகையோ தீயோ தெரிந்தால் பானட்டைத் திறக்கவே கூடாது. மூடிய இடத்தில் புகைந்துகொண்டிருக்கும் தீக்குக் காற்று கிடைத்தால் குப்பென்று முகத்தில் பாயும். குறைந்தது 100 அடி தள்ளி நின்று 101 அல்லது 112 எண்ணுக்குத் தகவல் கொடுக்கவும். மூட்டைகளை இறக்கிவிடலாம் என்று திரும்பிப் போகக் கூடாது. ஒரு லோடு மணிலாவை அடுத்த பட்டத்தில் விளைவித்துக்கொள்ளலாம்.

5. புகை இல்லையென்றால் சற்று ஆறவிட்டு, பின்வருமாறு காரணத்தை ஆராயலாம்.

வாடையைக் கொண்டு காரணம் அறிதல்

இலையின் நிறத்தைப் பார்த்துப் பயிருக்கு எந்தச் சத்து குறைவு என்று சொல்கிறோம் அல்லவா? அது போலவே வாடையின் தன்மையைக் கொண்டு எந்த உறுப்பில் கோளாறு என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

காகிதமும் பழந்துணியும் கருகும் வாடை: கிளட்ச்

கிளட்ச் பிளேட் இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே அழுத்திப் பிடிக்கப்பட்டுச் சுழல்கிறது. கிளட்ச் மிதியில் காலை வைத்துக்கொண்டே ஓட்டினால் பிடிப்பு தளர்ந்து பிளேட் வழுக்கும். வழுக்கினால் உராய்வு; உராய்ந்தால் சூடு; அதனால் கருகல். உப்பளக் கரையிலும் மணற்பாங்கான கொல்லைப் பாதையிலும் சக்கரம் புதைந்தபோது பாதி கிளட்சில் உறுமவைப்பது, ஏற்றத்தில் பிரேக் போடாமல் கிளட்சிலேயே வண்டியைத் தாங்கி நிறுத்துவது, அளவுக்கு மீறிய பாரம் ஆகியவை இதற்கு முக்கிய காரணங்கள்.

இவ்வாடை ஒரு முறை வந்து நின்றுவிட்டால், கால் மணி நேரம் ஆறவிட்டு மெதுவாக ஓட்டிச் செல்லலாம். அடிக்கடி வந்தால் ஒரு சோதனை செய்யவும். சமதரையில் முன்புறம் ஆள் இல்லாத இடத்தில் ஹேண்ட் பிரேக்கை இறுக இழுத்து, கால் பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, மூன்றாம் கியரில் கிளட்ச்சை மெதுவாக விடவும். என்ஜின் உடனே நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டேயிருந்தால் பிளேட் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். இச்சோதனையை ஒரு முறைக்கு மேல் செய்யக் கூடாது. கேபிள் வகைக் கிளட்சாக இருந்தால் மிதியின் விளையாட்டு சரியாக இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் பார்த்துக்கொள்ளவும். சில வேளைகளில் அதைச் சரிசெய்வதே போதும்.

சாணை பிடிக்கும்போது எழுவது போன்ற காரமான வாடை: பிரேக்

ஒரு சக்கரத்தின் அருகில் மட்டும் வாடை இருந்தால் அது பிரேக். முதலில் ஹேண்ட் பிரேக் முழுவதும் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கவும். பிறகு ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைத் தொடாமல் கொண்டு சென்று பார்க்கவும். மற்றவற்றைவிட ஒரு சக்கரம் அனல் வீசினால் அதில் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. வண்டி ஒரு பக்கமாக இழுப்பதும், வழக்கத்தைவிட ஓட மறுப்பதும் இதன் மற்ற அறிகுறிகள்.

சூடான சக்கரத்தின்மீது தண்ணீர் ஊற்றக் கூடாது. காய்ந்த இரும்பு சட்டென்று குளிர்ந்தால் வெடிப்பு விழும் அல்லது கோணிவிடும். மீண்டும் ஹேண்ட் பிரேக் இழுக்காமல், சக்கரத்துக்குக் கல் அண்டைக் கொடுத்து அரை மணி நேரம் ஆறவிடவும். ஆறிய பிறகு சக்கரம் தாராளமாகச் சுற்றினால் மட்டும் அருகிலுள்ள பட்டறைவரை மெதுவாகச் செல்லலாம். சுற்றாவிட்டால் கட்டி இழுத்துத்தான் போக வேண்டும். பிரேக் எண்ணெய் அதிகச் சூடேறிக் கொதித்தால் மிதி பொதபொதவென்று உள்ளே போகும், பிரேக் பிடிக்காது. ஆகவே இதில் துணிச்சல் கூடாது.

ரப்பர் கருகும் வாடை: பெல்ட், டயர், ஒட்டிய பை

என்ஜின் முன்புறம் கிறீச்சென்ற சத்தத்தோடு வந்தால் பெல்ட் வழுக்குகிறது. பேட்டரி விளக்கு எரிந்து, சூட்டு முள்ளும் ஏறினால் பெல்ட் அறுந்திருக்கலாம். பல வண்டிகளில் தண்ணீர் பம்பை ஓட்டுவதும் அதே பெல்ட்தான். அந்நிலையில் மேலும் ஓட்டினால் என்ஜினே பிடித்துக்கொள்ளும்.

பாரம் அதிகமாகி வில்பட்டை தாழ்ந்தால் டயர் மேல்தகட்டில் உரசும். இதற்குப் பரிகாரம் மூட்டையைக் குறைப்பதே. சாலையில் பறந்த பாலித்தீன் பை சூடான சைலன்சரில் ஒட்டிக்கொண்டாலும் இதே போன்ற வாடை வரும். நன்றாக ஆறிய பிறகு சுரண்டி எடுத்துவிட்டால் போதும்.

தோசைக் கல்லில் எண்ணெய் காய்ந்த வாடை: என்ஜின் ஆயில்

டாப்பெட் கவர் பேக்கிங் இறுகிப் போனால் ஆயில் கசிந்து, சூடான புகைக்குழாயின்மீது சொட்டும். லேசான நீலப் புகையும் எழும். ஆயில் மாற்றிய மறுநாள் மட்டும் வந்தால், ஊற்றும்போது சிந்தியதாக இருக்கலாம். ஆயில் மூடி சரியாகத் திருகியிருக்கிறதா என்றும் பார்க்கவும். தொடர்ந்து வந்தால் பேக்கிங்கை மாற்றவும். சில நூறு ரூபாய்ப் பேக்கிங்கைத் தள்ளிப்போட்டு என்ஜினை இழந்தவர்கள் உண்டு. அளவுக்கோலை எடுத்து ஆயில் மட்டத்தைப் பார்த்து, குறைந்திருந்தால் நிரப்பிய பிறகே கிளம்ப வேண்டும்.

இனிப்பு கலந்த ஆவி வாடை: கூலன்ட்

வெல்லப் பாகு போன்ற இனிப்பு வாடையும் சூட்டு முள் ஏற்றமும் சேர்ந்து வந்தால் ரேடியேட்டரிலோ குழாயிலோ கூலன்ட் கசிகிறது. என்ஜினை நிறுத்தி முழுவதும் ஆறவிட வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும்.

அழுகிய முட்டை வாடை: பேட்டரி

டைனமோவின் கட்டுப்பாடு கெட்டுப் பேட்டரிக்கு அளவுக்கு மேல் சார்ஜ் ஏறினால் இவ்வாடை வரும். அப்போது எளிதில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயுவும் வெளியாகும். அருகில் பீடி, தீக்குச்சி கூடாது. பேட்டரியின் பக்கம் உப்பியிருந்தால் தொடாமல் மெக்கானிக்கை அழைக்கவும்.

பிளாஸ்டிக் அல்லது மீன் வாடை: மின்கம்பி

எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுவே. மின்கம்பியின் மேலுறை கருகினால் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் காரமான வாடை வரும். சில மின் உறுப்புகள் சூடேறும்போது மீன் வாடை போன்ற ஒன்று எழும். மரக்காணம் பக்கத்தில் மீன் வாடை புதிதல்ல; ஆயினும் மீன் கூடை ஏற்றாத வண்டியில் அந்த வாடை வந்தால் மின்கம்பியை நினைக்க வேண்டும். விளக்கு மங்கி எரிவதும், பியூஸ் அடிக்கடி போவதும் கூடவே காணப்படும்.

புகையோ தீயோ இல்லாத நிலையில் பானட்டைத் திறந்து பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடவும். நெகட்டிவை முதலில் கழற்றச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாசிட்டிவ் முனையைத் திருகும்போது ஸ்பேனர் வண்டியின் இரும்பில் பட்டால் பெரும் தீப்பொறி எழும். வண்டியின் கருவிப் பையில் இதற்கேற்ற ஸ்பேனர் ஒன்று எப்போதும் இருக்கட்டும். இவ்வாடை வந்த வண்டியை மீண்டும் ஸ்டார்ட் செய்யாமல் மின் மெக்கானிக்கை அங்கேயே வரவழைக்க வேண்டும். நின்றுவிட்ட வாடை சரியாகிவிட்டது என்று பொருளல்ல. உருகிய மேலுறைக்குள் இரண்டு கம்பிகள் ஒட்டக் காத்திருக்கும்.

மின்கம்பி ஏன் கருகுகிறது?

கூடுதல் விளக்கு, ஒலிபெருக்கி, பெரிய ஹாரன் முதலியவற்றை முறையான ரிலேயும் பியூஸும் இன்றி இணைப்பதே முதல் காரணம். ஒரு சிறு கணக்குப் பாருங்கள். 12 வோல்ட் வண்டியில் 60 வாட் விளக்கு 5 ஆம்பியர் எடுக்கும். இரண்டுக்கு 10 ஆம்பியர். அதை எடுத்துவிட்டு 100 வாட் விளக்கு இரண்டைப் போட்டால் ஏறத்தாழ 17 ஆம்பியர் ஓடும். மின்னோட்டம் இரட்டிப்பதற்குள்ளேயே கம்பியில் உண்டாகும் சூடு ஏறத்தாழ மூன்று மடங்காகிவிடும். அரை அங்குலக் குழாயில் 5 குதிரைத்திறன் பம்பை வைத்து இறைப்பதற்கு ஒப்பானது இது.

பியூஸ் போனால் அதே அளவுள்ள பியூஸைத்தான் போட வேண்டும். 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை என்று நிறத்தால் அறியலாம். பெரிய பியூஸ் போடுவதும், கம்பி இழை சுற்றுவதும் காவல் நாயைக் கொன்றுவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்து வைப்பதற்குச் சமம். எலித் தொல்லை மற்றொரு காரணம். நெல், மணிலா மூட்டைகளுக்கு அருகே வண்டியை நிறுத்தினால் இரவில் எலி ஏறிக் கம்பியின் மேலுறையைக் கடிக்கும். பானட்டுக்குள் எலிப் புழுக்கையோ, துணி, சருகுக் கூடோ தெரிந்தால் கம்பிகளைச் சோதிக்காமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது.

உப்புக் காற்று செய்யும் வேலை

மழைக்காலத்தில் உப்புச் சாக்கு தானாகவே நீர் கசிந்து ஒழுகுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேல் போனால் சமையல் உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலோர இரவுகளில் ஈரப்பதம் இந்த அளவைச் சாதாரணமாகவே தாண்டும். பகலில் கடற்காற்று கொண்டுவந்து வண்டியின்மீது படியவைத்த உப்புத்தூள், இரவில் உப்புநீராக மாறிக் கம்பி இணைப்புகளிலும் பிரேக் உறுப்புகளிலும் புகுந்துவிடுகிறது. இரும்பு துருப்பிடிக்கிறது. செம்புக் கம்பி பச்சை பூக்கிறது. பச்சை பூத்த இணைப்பு மின்னோட்டத்தைத் தடுப்பதால் அவ்விடம் மட்டும் சூடாகிறது. ஆகவேதான் நம் கடற்கரை வண்டிகளில் பிரேக்கும் மின்கம்பியும் முதலில் பழுதாகின்றன.

இதற்குப் பரிகாரம் எளிது. வாரம் ஒரு முறை, உப்பு ஏற்றிய வண்டியானால் அன்றன்றே, அடிப்பாகத்தையும் சக்கரங்களையும் நல்ல தண்ணீரால் கழுவவும். உவர்ப்பான ஆழ்குழாய்க் கிணற்று நீரால் கழுவினால் உப்பைக் கழுவி உப்பையே பூசியதாகும். மண் ஆய்வு நிலையத்தில் உங்கள் பாசன நீரை உவர் நீர் என்று சொல்லியிருந்தால் அது பயிருக்கு மட்டுமல்ல, வண்டிக்கும் ஆகாது. மழைநீரைச் சேர்த்து வைத்துப் பயன்படுத்தலாம். என்ஜின் மேலும் பியூஸ் பெட்டி மேலும் தண்ணீரைப் பீய்ச்சக் கூடாது. பேட்டரி முனைகளைத் துடைத்து வாசலின் தடவி வைக்கவும். சில நாட்கள் ஓட்டாமல் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் இழுக்காமல், முதல் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் அண்டைக் கொடுக்கவும். நான் பட்ட நஷ்டம் உங்களுக்கு வராது.

களத்து மேட்டில் கவனம்

சைலன்சரும் அதையொட்டிய புகை சுத்திகரிப்புக் கருவியும் பல நூறு டிகிரி சூடேறும். 2020 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் பி.எஸ். 6 டீசல் கார்களிலும் சரக்கு வண்டிகளிலும் புகைக்கரியைச் சேர்த்துவைத்து அவ்வப்போது எரிக்கும் வடிகட்டி உள்ளது. அது எரியும்போது ஏறத்தாழ 600 டிகிரி சூடு உண்டாகி, ஒரு வகைக் காய்ந்த வாடை வரும். சிறிது நேர ஓட்டத்தில் அடங்கிவிடும். அதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம். ஆனால் அந்த நேரத்தில் மணிலாக் கொடிமீதோ வைக்கோல்மீதோ வண்டியை நிறுத்தினால் தீப்பிடிக்க அதுவே போதும். களத்திலிருந்து திரும்பியதும் வண்டியின் அடியில் குனிந்து பார்த்துச் சிக்கிய வைக்கோலை எடுத்துவிடவும்.

2010-ஆம் ஆண்டு டாட்டா நானோ கார்கள் சில தீப்பிடித்தபோது, அந்நிறுவனம் நவம்பர் மாதத்தில் புகைக்குழாய்ப் பகுதிக்கும் மின்சுற்றுக்கும் கூடுதல் பாதுகாப்பை இலவசமாகச் செய்து தர முன்வந்தது. எந்த வண்டியாக இருந்தாலும் நாம் முதலில் காக்க வேண்டிய இடங்கள் இவையே.

பெட்ரோல், எரிவாயு வாடை

இது கருகல் வாடை அல்ல. ஆனால் அதைவிட அவசரமானது. ஓடும்போது பெட்ரோல் அல்லது கேஸ் வாடை வந்தால் உடனே நிறுத்தி இறங்கவும். கேஸ் வண்டியானால் சிலிண்டர் வால்வை மூடவும். சுவிட்ச் எதையும் போட்டுப் பார்க்கக் கூடாது. கசிவைச் சரிசெய்யும்வரை ஸ்டார்ட் செய்யக் கூடாது.

காப்பீடு பற்றி ஒரு சொல்

செலவு குறைவு என்பதற்காக மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுப்பவர்கள் நம்மில் அதிகம். அது மற்றவருக்கு நேரும் சேதத்துக்கே பணம் தரும். நம் வண்டி தீயில் எரிந்தால் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. வண்டி வாங்கிய கடன் மட்டும் மிஞ்சும். முழுக் காப்பீடு எடுக்க இயலாதவர்கள் ஒரு கிலோ உலர்தூள் தீயணைப்பான் ஒன்றையாவது ஓட்டுநர் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கிளட்ச் வாடை, சிந்திய ஆயில், ஒட்டிய பை ஆகியவற்றுக்கு ஆறவிட்டுக் கிளம்பலாம். பிரேக்குக்குச் சக்கரம் தாராளமாகச் சுற்றினால் மட்டும் கிளம்பலாம். பெல்ட், கூலன்ட், பேட்டரி, மின்கம்பி, எரிபொருள் வாடைக்கு நின்ற இடத்திலேயே மெக்கானிக்கை அழைக்க வேண்டும். இதை ஒரு தாளில் எழுதி வண்டியில் ஒட்டி வையுங்கள். வீட்டில் வண்டி ஓட்டும் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். மோட்டார் காயில் வாடைக்கு ஓடிப்போய் ஸ்டார்ட்டரை நிறுத்தும் அதே கை, வண்டியின் சாவியையும் உடனே திருப்ப வேண்டும்.